கம்பெனி வேலையும் குடியானவன் வீடும்

அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு குடியானவன் வீட்டுப் பிள்ளை படிப்பை முடித்தானானால், அது பன்னிரண்டாம் வகுப்பாயினும் சரி, பாலிடெக்னிக்காயினும் சரி, பட்டப் படிப்பாயினும் சரி, அந்த வீட்டுத் திண்ணையில் எழும் கேள்வி ஒன்றேதான். பையனை எந்தக் கம்பெனியில் சேர்ப்பது? பெண்ணாயிருந்தாலும் இப்பொழுது கேள்வி இதுவே. சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் பாக்கியம். எல்லோருக்கும் அது கிடைக்காதென்பதை யாவரும் அறிவர். நிலம் இருக்கிறது, ஆயினும், நிலத்தை நம்பி இரு என்று பெற்ற பிள்ளைக்குச் சொல்லத் துணியும் தகப்பன் அருமையாகி விட்டான். ஆகவே மதுரையிலோ, சென்னைக்கடுத்த ஸ்ரீபெரும்புதூரிலோ, பெங்களூரிலோ, பெயர் பெற்ற ஒரு பெரிய கம்பெனியின் வாயிலை நோக்கிப் பிள்ளை அனுப்பப்படுகிறான். அனுப்புகிறவர்களுக்குள்ளே இரண்டு கட்சிகள் உண்டு. பெரிய இடத்தில் ஒட்டிக்கொண்டால் பிழைத்தான் என்பது ஒரு கட்சி. எத்தனை சம்பளம் வாங்கினாலும் இன்னொருவனிடம் கைகட்டி நிற்பதுதானே என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் பார்க்கத் தவறுகிற விஷயமும் ஒன்று உண்டு. அதை மதுரைச் சீமையின் சொந்த அநுபவத்தைக் கொண்டே ஆராய்வது நலம். ஏனெனில், பெரிய கம்பெனி இச்சீமைக்குப் புதிதாக வந்த விருந்தாளியன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் அதனோடு குடித்தனம் செய்திருக்கிறோம்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருஷப் பஞ்சத்தை மதுரை ஜில்லா எளிதில் மறக்கவில்லை. பஞ்சம் தெளிந்த பிறகும் குடியானவன் மனம் தெளியவில்லை. மழை பொய்த்தால் இலங்கைத் தோட்டம், பர்மா, மலாய் நாடு என்று கடல் கடந்து கூலிக்குப் போவதே அக்காலத்து வழியாயிருந்தது. இந்த நிலையில்தான் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு நூல் மில்லை நிறுவினார்கள். 1892-இல் அது வேலை தொடங்கிற்று. அதற்கு முன்பே பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் வேகத்தைக் கொண்டு ஒரு மில்லையும், தூத்துக்குடியில் கோரல் மில் என்ற மற்றொன்றையும் அவர்கள் நடத்தி வந்தனர். கரிசல் பருத்தியைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பி நூலாகவும் துணியாகவும் திரும்ப வாங்குவதைக் காட்டிலும், பருத்தி விளையும் இடத்திலேயே, கூலி மலிந்த இடத்திலேயே நூற்பது லாபம் என்று அவர்கள் கணக்கிட்டனர். சென்னையிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் வரையில் 1870-களில் போடப்பட்ட ரயில் பாதை அந்தக் கணக்கை இன்னும் சுலபமாக்கிற்று.

சுற்றுப்புறக் கிராமத்தார் மில்லுக்குப் போனார்கள். ஏன் போனார்கள் என்று கேட்பவன் பட்டினி அறியாதவன். கடல் தாண்டாமல், பெண்டு பிள்ளையைப் பிரியாமல், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கூலி கிடைக்கும் இடம் அது ஒன்றே. இன்னொரு விசேஷமும் அதில் இருந்தது. கிராமத்தில் எந்தத் தெருவில் பிறந்தான், எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என்பதைக் கொண்டே ஒருவனுடைய இடம் தீர்மானிக்கப்பட்டது. கதிர்கள் சுழலும் கூடத்திலோ பல சாதியாரும் ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, ஒரே சங்கின் ஓசைக்கு எழுந்து, ஒரே வாயிலில் நுழைந்தார்கள். சாதி அங்கே ஒழிந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. மேஸ்திரி தன் உறவினனையே உள்ளே இழுத்தான். குடிதண்ணீர்ப் பானையில்கூட வேற்றுமை நுழைந்ததுண்டு. ஆயினும், பண்ணையாரின் தயவின்றி ஓர் ஏழை சோறு உண்ண முடியும் என்பதை முதன்முதலில் மெய்ப்பித்துக் காட்டியது மில் கூலிதான். பெருங் கம்பெனியைப் பழிப்பதற்கு முன்னர் இந்த ஒன்றை அதன் பக்கத்தில் வரவு வைத்துவிட வேண்டும்.

செலவுப் பக்கமும் சிறியதன்று. மில் வேலை தொடங்கிய காலத்தில் அதற்கு நேரமென்று ஒன்றில்லை, சூரியன்தான் நேரம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதே நிர்வாகத்தின் காதுக்குப் புதிய சங்கீதமாயிருந்தது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் 1908-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவர்கள் கேட்டவை என்ன? கூலி உயர்வு, வார விடுமுறை, அவசரத்துக்கு லீவு. இவ்வளவே. வ. உ. சிதம்பரம் பிள்ளையும், வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவமும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஊரார் அவர்களுக்கு உதவி செய்தனர். பத்து நாள் ஆவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியும் உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தது. மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளை கைதியானார். அதற்குப் பின் நடந்தவை தமிழ் மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியவையல்ல.

ஆனால் ஒரு செய்தியை இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டுகிறோம். தொழிலாளிகளுக்காக முன்னின்ற அந்தச் சிதம்பரம் பிள்ளையே ஒரு பெருங் கம்பெனியைத் தோற்றுவித்தவர். 1906-இல் அவர் அமைத்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பலருடைய சிறு பணம் ஒன்று சேர்ந்தால்தான் பெருங் காரியம் ஆகும் என்பதை அவரைக் காட்டிலும் நன்கு உணர்ந்தவர் அந்நாளில் தமிழ் நாட்டில் இல்லை. கம்பெனி என்ற அமைப்பை அவர் பகைக்கவில்லை. அதற்குள்ளே தொழிலாளி வாய் திறக்கக் கூடாது என்பதையே எதிர்த்தார். கப்பலை வாங்கியவரும் கதவடைத்த மில்லின் முன் நின்றவரும் ஒரே மனிதர் என்பதை, கம்பெனி என்றாலே காய்ந்து விழுகிறவர்களும் கம்பெனி என்றாலே கும்பிடுகிறவர்களும் சிறிது நினைத்துப் பார்ப்பார்களாக.

பத்து வருஷங்களுக்குப் பின் மதுரைக்கும் அந்தக் காற்று வந்தது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னையில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது, திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அதற்கு உழைத்தார். அதே வருஷத்தில் மதுரை மில் தொழிலாளிகளுக்கு ஒரு சங்கத்தை அமைத்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். திருவிதாங்கூரில் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீல் தொழில் நடத்தியவர் அவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் வாடிய மக்களுக்காக வாதாடி, அவர்களால் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைக்கப்பட்டவரும் அவரே. சங்கம் அமைப்பதே அக்காலத்தில் சட்ட விரோதம் போலிருந்தது. சென்னையில் கம்பெனியார் சங்கத் தலைவர்கள் மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு வாங்கினர். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்த பிறகே சங்கத்துக்கு உயிர்ப் பயம் நீங்கிற்று. 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டிற்று. அதே ஆண்டில் தொழிலாளர் அரசு இன்ஷ்யூரன்ஸ் சட்டம், 1952-இல் பிராவிடண்ட் பண்டு, 1965-இல் போனஸ், 1972-இல் பணிக்கொடை என்று ஒவ்வொன்றாக வந்தன.

இன்று பெண் பார்க்கப் போகும் இடத்தில், 'பையன் கம்பெனியில் இருக்கிறான், பி.எப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தப் பெருமையில் கம்பெனி மனமுவந்து அளித்தது எவ்வளவு? பெரும்பாலும் யாரோ சிறை சென்றும், யாரோ பல நாள் கூலியிழந்தும் வாங்கி வைத்த சொத்து அது. மேலே சொன்ன இரு கட்சியாரும் காணத் தவறுவது இதுதான். பெருங் கம்பெனியின் சுகம் அதன் பெருமையிலிருந்து தானே சுரப்பதன்று. கேட்கும் வாய் உள்ளவரையில் சுரப்பது. வாய் அடைந்தால் ஊற்றும் அடையும்.

இதற்கு விலக்காக ஒரு முதலாளியைக் காட்ட முடியாதா என்று மதுரைக்காரர் கேட்பார். அவர் யாரை நினைத்துக் கேட்கிறாரென்பது நமக்குத் தெரியும். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய ஸ்தாபனம் பஸ் போக்குவரத்தில் நேரம் தவறாமைக்கு உவமையாயிற்று, டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதைகளை மதுரை வயோதிகர் சொல்லக் கேட்கலாம். சிப்பந்திகளின் குழந்தைகளுக்குப் பள்ளி, வைத்திய வசதி, தகப்பனுக்குப் பின் மகனுக்கு இடம் என்று அந்த ஸ்தாபனம் ஒரு பெருங் குடும்பத்தைப் போல நடந்ததை மறுப்பதற்கில்லை. ஹார்வி கம்பெனியாரும் தங்கள் தொழிலாளிகளுக்காகத் திருப்பரங்குன்றத்துக்கருகே ஒரு குடியிருப்பை உண்டாக்கினர். ஹார்விப்பட்டி என்ற அந்த ஊர் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. நல்ல முதலாளி நல்லவர்தான். ஆனால் முதலாளியின் குணம் தலைமுறைச் சொத்தாக எழுதி வைக்கக் கூடியதன்று. டி.வி.எஸ். பஸ்கள் 1972-இல் தேசியமாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. மதுரை மில் 1974-இல் கோட்ஸ் கம்பெனியோடு கலந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. பழைய நாளில் மில் சங்கு ஊதியவுடன் தெருவை நிறைத்த கூட்டத்தை இன்று காண முடியாது. அப்பன் சம்பாதித்த நம்பிக்கையைப் புதிய நிர்வாகம் தன் கணக்குப் புத்தகத்தில் கடனாக எழுதிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இனி, இன்றைய நிலைமைக்கு வருவோம். அலங்காநல்லூர் வறண்ட பூமியன்று. 1895-இல் பெரியாற்று அணை முடிந்தபின் மேற்குத் தொடர்ச்சி மலைக்கப்பால் ஓடிய நீர் இப்பக்கம் திரும்பிற்று. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் கால்வாய்ப் பாசனத்தில் இருபோகம் விளையும் நாடு இது. அத்தகைய ஊரிலேயே தகப்பன் மகனை வயலைவிட்டு விரட்டுவானேன்? வருஷந்தோறும் அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் முறை வைத்து விடுகிறார்களா, முழுதும் விடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உரத்தின் விலையையும் ஆட்கூலியையும் கொடுத்த பிறகு நெல்லின் விலைக்குக் காத்திருக்க வேண்டும். கம்பெனிச் சிப்பந்திக்கோ மாதம் முடிந்தால் பணம் வங்கியில் விழுகிறது. அந்தச் சம்பளச் சீட்டைக் காட்டினால் வங்கி கடன் கொடுக்கிறது. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவன் மனைவியின் நகையைக் கொண்டுபோய் அடகு வைத்தால்தான் அதே வங்கி அவனை ஏறிட்டுப் பார்க்கிறது. வியாதி வந்தால் ஒருவனுக்கு இன்ஷ்யூரன்ஸ் ஆஸ்பத்திரி, மற்றவனுக்குக் கைமாற்று. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, உழவின் பெருமையைப் பற்றி மேடையில் பேசுவது சுலபம்.

மேலும், பெரிய ஸ்தாபனம் கற்றுக் கொடுக்கும் பாடமும் உண்டு. இயந்திரத்தைப் பேணும் முறை, கணக்கின் ஒழுங்கு, காலந் தவறாமை, பலரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கும் பழக்கம் ஆகியவை சிறு கடையில் எளிதில் வாய்ப்பதில்லை. பெரிய பட்டறையில் சில வருஷம் வேலை பழகிப் பின்பு சொந்தமாகப் பட்டறை போட்டவர்களை மதுரையில் தேடி அலைய வேண்டியதில்லை. பெண்களுக்கோ இது இன்னும் பெரிய வாசல். தன் பேரில் வங்கிக் கணக்கும், தன் கையில் சம்பளமும் உள்ள பெண்ணிடம் வீட்டார் பேசும் குரலே வேறு.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, அலங்காநல்லூரார் தங்கள் ஊர் எல்லையிலேயே உள்ள ஒரு சாட்சியைப் பார்க்கட்டும். மேட்டுப்பட்டியில் 1960-களில் எழுந்த தேசியக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைச் சொல்கிறோம். அது அந்நிய முதலாளியின் கம்பெனியன்று. கரும்பு விளைவிக்கும் குடிகளே பங்குதாரர். ஆயினும் அளவில் அது பெரிய ஸ்தாபனமே. அதன் புகைபோக்கியை நம்பி வண்டிக்காரன், லாரிக்காரன், வெட்டாள், டீக்கடைக்காரன், ஆலைச் சிப்பந்தி என்று ஒரு வட்டாரமே வாழ்ந்தது. கரும்பின் குணம் நேயர்கள் அறிந்ததே. வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் அதன் எடையும் இனிப்பும் குறையத் தொடங்கும். ஆகவே, பக்கத்தில் ஆலை இல்லாதபோது கரும்பு போட்டவன் கைகால் கட்டப்பட்டவன். ஆலை எந்த நாளில் வெட்டு உத்தரவு கொடுக்கிறதோ அந்த நாளில் வெட்ட வேண்டும்; அது கொடுக்கும்போது பணம் வாங்க வேண்டும். நிலம் தன்னுடையதாயினும் அந்தப் பயிர் மட்டில் அவனும் ஒருவகைச் சிப்பந்தியே.

வறட்சி வந்தது, கரும்புப் பரப்புக் குறைந்தது, கரும்புக்குரிய பணம் நிலுவையில் நின்றது, பணம் நின்றதால் கரும்பு இன்னும் குறைந்தது. 2019-ஐ ஒட்டி அரவை நின்றுவிட்டது. அதன்பின் வருஷக்கணக்காக, ஆலையைத் திறக்க வேண்டுமென்று விவசாயிகள் மறியலும் உண்ணாவிரதமும் செய்தார்கள். பங்குதாரன் என்ற பட்டத்தால் மட்டும் ஒருவன் எஜமானனாகிவிட முடியாது என்பதை இந்த ஆலையின் கதை நமக்குக் காட்டுகிறது. தீர்மானிக்கும் இடத்தில் அவனுடைய குரல் கேட்கப்படாவிட்டால், கூட்டுறவு என்றாலும் கம்பெனி என்றாலும் கதவடைக்கும் நாளில் அவனுக்குக் கிடைக்கும் அறிவிப்பு ஒன்றே.

மேட்டுப்பட்டி ஆலையின் கதவையாவது சென்னையில் உள்ள மந்திரியிடம் மனுக் கொடுத்துத் தட்டலாம். கடல் கடந்த கம்பெனியின் கதவை எங்கே போய்த் தட்டுவது? ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா கம்பெனியின் செல்போன் தொழிற்சாலை தொடங்கியபோது தமிழ் நாடெங்கும் அதுவே பேச்சு. தென் ஜில்லாக்களிலிருந்தும் வட ஜில்லாக்களிலிருந்தும் இருபது வயதுப் பிள்ளைகள், பெண்களே அதிகமாக, அங்கே குவிந்தார்கள். பின்லாந்தில் உள்ள தலைமை ஸ்தாபனம் தன் செல்போன் வியாபாரத்தை அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேராமல் நின்றது. 2014 நவம்பர் முதல் தேதி வேலை நின்றது. எட்டு வருஷம் ஒரே பொருளின் ஒரே பாகத்தைப் பொருத்தப் பழகிய கைகளுக்கு வேறு எங்கே வேலை? அவர்கள் திறமைக் குறைவால் வேலை இழக்கவில்லை, சோம்பலால் இழக்கவில்லை. ஹெல்சிங்கிக்கருகே நடந்த ஒரு பேரத்தில் அவர்களுடைய பெயர் எழுதப்படவில்லை, அவ்வளவே. போர்டு கம்பெனியும் 2021 செப்டம்பரில் இந்தியாவில் மோட்டார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர்த் தொழிற்சாலை 2022-இல் ஓய்ந்தது. நல்ல சம்பளமும் நல்ல பெயரும் உடைய இடம் அது. நடுவயதில், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தலைமேல் இருக்கையில், நஷ்ட ஈட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்!

கம்ப்யூட்டர்த் தொழில் இதற்கு விலக்கென்று எண்ணியவர்களும் உண்டு. மதுரை இலந்தைக்குளத்தில் எல்காட் வளாகம் வந்தபின், ஊரைவிட்டுப் பெயராமலே அத்தொழிலில் சேரலாம் என்ற நிலைமை ஏற்பட்டிருப்பது மெய்யாகவே பெரிய நன்மை, எச்.சி.எல். கம்பெனி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையே எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. ஆனால் 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 12,000-க்கு மேற்பட்ட சிப்பந்திகளைக் குறைக்கப்போவதாகத் தெரிவித்தபோது, நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலையும் கதிர் முன்னே நின்று செய்யும் வேலையும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதைத் தேசம் கண்டது. நூல் மில்காரனுக்கு 1918-இல் சங்கம் வந்தது. கம்ப்யூட்டர் முன் அமர்ந்தவனோ, சங்கம் என்பது தன் அந்தஸ்துக்குக் குறைவென்று நினைக்கிறான். கூலி, சம்பளம் என்ற இரண்டு சொற்களுக்கிடையே இவ்வளவு பெரிய மதிலைக் கட்டிக்கொண்டவர் வேறு எந்த நாட்டில் உளரோ!

எல்லாவற்றிலும் கொடியதாக நாம் கருதுவது வேறொன்று. பெரிய கம்பெனியில் வேலை என்று சொல்லிக்கொண்டு போகிற பிள்ளைகளில் பலர் உண்மையில் அந்தக் கம்பெனியின் சிப்பந்திகளே அல்லர். பஸ்ஸில் கம்பெனியின் பெயர். சட்டையில் கம்பெனியின் முத்திரை. சம்பளம் கொடுப்பவனோ ஒரு காண்ட்ராக்டர். பக்கத்து மேஜையில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதிதான் இவனுக்கு. விபத்து நேர்ந்தால், 'இவர் எங்கள் ஆளல்லர்' என்ற பதில் ஆயத்தமாயிருக்கிறது. பழைய மில்லில் மேஸ்திரி ஆள் பிடித்து ஆதாயம் பார்த்த வழக்கத்துக்கும் இதற்கும் உடுப்பைத் தவிர வேற்றுமை அதிகம் காணோம். பெண் பிள்ளைகளை விடுதியில் அடைத்து வேலை வாங்கும் ஏற்பாட்டிலும் இந்தக் குறையே தலை தூக்குகிறது. திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கத்து நூல் மில்கள் சில, 'மூன்று வருஷம் வேலை செய்தால் கலியாணத்துக்கு ஒரு தொகை' என்று சுமங்கலித் திட்டம் என்ற மங்களமான பெயரில் ஏழைப் பெண்களைச் சேர்த்தது நாடறிந்த விஷயம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டினால் நோயுற்று, நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தபோது, மற்றப் பெண்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். உலகமே அப்பொழுதுதான் அந்த விடுதியின் சமையலறையை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகே விடுதிகள் சீர்திருத்தப்பட்டன.

சம்பளக் கணக்கில் வராத நஷ்டம் ஒன்றையும் அலங்காநல்லூரில் சொல்லாமல் விடுவது முறையன்று. தை மாதத்தில் வாடிவாசலில் நிற்கும் காளை ஒரு நாளில் ஆவதன்று. வருஷம் முழுவதும் அதைக் குளிப்பாட்டித் தீனி வைத்து நடை பழக்க வீட்டில் ஓர் ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் இரவு ஷிப்டில் நிற்கிற மகன் பொங்கலுக்கு மூன்று நாள் லீவு கேட்டால், ஏற்றுமதி அவசரம் என்கிறது நிர்வாகம். வயதான தாய் தகப்பனே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் மூண்ட ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சி சென்னைக் கடற்கரைக்குப் பரவியபோது, பெருங் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்ச் சிப்பந்திகள் வேலையை விட்டிறங்கி வந்து மாணவரோடு நின்றதைப் பலர் வியந்தார்கள். நாம் வியக்கவில்லை. ஊரையும் மாட்டையும் விட்டுப் போனவனுக்குத்தான் அதன் அருமை அதிகம் தெரியும்.

அப்படியானால் போகாதே என்பதா நமது புத்திமதி? அன்று. போகட்டும், ஆனால் வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளிகள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலையை நிறுத்தியது, முக்கியமாகச் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக. 1918-இல் மதுரையில் கேட்டதை நூறு வருஷம் கழித்துத் திரும்பவும் கேட்க வேண்டியிருந்ததென்றால், உரிமை என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடிய பண்டமாயில்லை என்று தெரிகிறது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. முன்பு நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலையை மூடுவதற்கும் சர்க்காரின் அநுமதி வேண்டும்; இப்பொழுது அந்த எல்லை முந்நூறாக உயர்ந்துவிட்டது. மூடுவது சுலபமானால் திறப்பதும் சுலபமாகும் என்று சர்க்கார் தரப்பில் வாதிக்கிறார்கள். இருநூற்றைம்பது பேர் உள்ள ஒரு மில்லின் தொழிலாளிக்கு இந்த வாதம் எவ்வளவு ஆறுதல் அளிக்குமோ தெரியவில்லை. முப்பது வருஷம் உழைத்தவனுக்கும் முதுமையில் கிடைப்பதென்ன என்பதையும் எண்ண வேண்டும். பிராவிடண்ட் பண்டு பென்ஷனுக்கு 2014-இல் விதித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரு சிலிண்டர் அடுப்பு வாயுவின் விலையைக் கழித்தால் மிச்சத்தில் என்ன வாங்கலாம் என்று சட்டம் செய்தவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

கம்பெனியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே, இருக்கிற காணி நிலத்தை விற்காமல் வைத்துக்கொண்ட குடும்பங்கள், ஆலையோ கம்பெனியோ மூடிய நாளில் தெருவுக்கு வரவில்லை. நகரத்தில் அடுக்கு மாடியில் ஓர் அறை வாங்குவதற்காகக் கால்வாய்ப் பாசன வயலை மனைகளாக்கி விற்றவர்களுக்கு அந்தத் தாழ்வாரம் இல்லை. நிலம் இல்லாதவர்களுக்கோ, அவர்களே இங்கு அதிகம், சங்கமும் கையில் உள்ள தொழிலுமே நிலம்.

இந்த வருஷம் படிப்பை முடித்து எந்தக் கம்பெனியிலாவது சேரப் போகிற பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், நியமன உத்தரவில் கையெழுத்திடுபவர் கம்பெனியா, காண்ட்ராக்டரா என்று பார்க்க வேண்டும். புதிய சட்டத் தொகுப்பில் ஒரு நல்ல அம்சம், தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமன உத்தரவு எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்பது. குறித்த காலத்துக்கு நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருஷ வேலைக்கே பணிக்கொடை உண்டு என்பது மற்றொன்று. இவற்றை நிர்வாகம் தானே நினைவூட்டும் என்று காத்திருக்கலாகாது. பிராவிடண்ட் பண்டு எண்ணைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணமும் கம்பெனி போட வேண்டிய பங்கும் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்பதைக் கையிலுள்ள செல்போனிலேயே பார்த்துவிடலாம். மூன்று மாதம் ஏறவில்லையென்றால், நான்காம் மாதம் வரையில் பொறுத்திராமல் மதுரையில் உள்ள பண்டு ஆபீசுக்கு எழுத்து மூலமாக மனுக் கொடுப்பதே சரி. தனியாகக் கொடுப்பதைவிட, கூட வேலை செய்கிற பத்துப் பேரும் அதில் கையெழுத்திட்டால் மனுவுக்குப் பதில் சீக்கிரம் வரும்.